தீ மூட்டாத சமையலறையில் 60 பேருக்கு

2024 அக்டோபர் 6, ஞாயிறு

இன்று குடியிருப்புக் கூட்டத்தில் முடிவாகிவிட்டது. 26-ஆம் தேதி சனிக்கிழமை இரவு, பொது ஹாலில் எல்லோருக்கும் சாப்பாடு.

ஜூலை 8-ஆம் தேதி பெரில் புயல் ஹூஸ்டனைக் கடந்தபோது இந்த ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் போனது. எங்கள் பக்கம் பல நாள் இருட்டு. பக்கத்து வீட்டுக்காரர் பெயரே அந்த நாட்களில்தான் பலருக்குத் தெரிந்தது. ஒருவரிடம் கேஸ் அடுப்பு, ஒருவரிடம் ஐஸ் பெட்டி, இன்னொருவரிடம் ஜெனரேட்டர். உருகப்போகிற கறியையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துச் சமைத்து வராந்தாவில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மின்சாரம் வந்ததும் அவரவர் கதவைச் சாத்திக்கொண்டோம். அந்தப் பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்றுதான் இந்த ஏற்பாடு.

என்ன சமைப்பது என்று கேட்டதும் நாலு திசையிலிருந்தும் 'ஃபஹீட்டா' என்றார்கள். இங்கே மெக்ஸிகோ வழி வந்தவர்கள் இருக்கிறார்கள், வியட்நாம்காரர்கள், நைஜீரியாக்காரர்கள், நாங்கள் சில தமிழ்க் குடும்பங்கள். கறியையும் குடைமிளகாயையும் டோர்ட்டியா என்ற மெல்லிய ரொட்டியில் வைத்துச் சாப்பிடுகிற, எல்லார் நாக்குக்கும் ஒத்துப்போகிற டெக்சஸ் சாப்பாடு அது. கோழி என்றால் மாட்டிறைச்சி தொடாதவர்களும் சாப்பிடலாம். பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன்.

ஹாலில் அடுப்பு கிடையாது. சிங்க், ஃபிரிட்ஜ், நீளமான மேடை, ஒரு மைக்ரோவேவ், அவ்வளவுதான். புகைபோக்கியும் தீயணைப்பு வசதியும் இல்லாத இடத்தில் எண்ணெய் காய வைத்துச் சமைக்கக் கூடாது என்பது ஹாலின் விதி. வெளியே கரி மூட்டவும் அனுமதி இல்லை. "வீட்டில் செய்து எடுத்துவந்துவிடுங்களேன்" என்றார் ஒருவர். ஒரே வீட்டில் ஒரே ஆள் பகல் முழுக்க நின்று சமைப்பது, ஆறியதைக் கொண்டுவந்து அதே மைக்ரோவேவில் மறுபடி சுட வைப்பது, குடைமிளகாய் எல்லாம் துவண்டுபோவது. அதற்கு ஹாலிலேயே மைக்ரோவேவில் சமைத்துவிடலாம். தீயும் கொதிக்கிற எண்ணெயும் இல்லாத இடத்தில் குழந்தைகளும் வயதானவர்களும்கூட கை கொடுக்க முடியும். எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது.

அக்டோபர் 8, செவ்வாய்

பெயர் கொடுத்தவர்கள் 60 பேர். அதில் 14 பேர் சைவம். மீதி 46 பேருக்கு, ஆளுக்கு 150 கிராம் பச்சைக் கறி என்று வைத்தால் ஏறக்குறைய 7 கிலோ. டோர்ட்டியா ஆளுக்கு மூன்று வீதம் 180. குடைமிளகாய் 4 கிலோ, வெங்காயம் 3 கிலோ. சைவத்துக்குக் காளானும் கறுப்பு பீன்ஸும்.

கணக்கில் கஷ்டமான இடம் நேரம். அடுப்பில் பெரிய அண்டாவை ஏற்றினால் தீயைக் கூட்டிக்கொள்ளலாம். மைக்ரோவேவில் கூட்ட ஒன்றும் இல்லை. 1,000 வாட் என்றால் 1,000 வாட்தான். அரைக் கிலோ வைத்தாலும் இரண்டு கிலோ வைத்தாலும் அதே சக்தியைத்தான் அத்தனை கறியும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். அளவு இரட்டித்தால் நேரமும் கிட்டத்தட்ட இரட்டிக்கும். அதோடு, அலைகள் கறிக்குள் இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான் நன்றாக நுழையும். அதற்கும் உள்ளே இருப்பது, வெளியே சூடான கறியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சூடு வாங்கும். ஆழமான பாத்திரத்தில் இரண்டு கிலோவை அமுக்கி வைத்தால் ஓரம் ரப்பராகும், நடு பச்சையாக இருக்கும்.

அதனால் பெரிய ஈடு என்ற எண்ணத்தையே விட்டுவிட்டேன். ஈட்டுக்கு 700 கிராம், வட்டமான அகலக் கண்ணாடித் தட்டு, ஒரே அடுக்கு. அப்படிப் பத்து ஈடு. சதுரத் தட்டு வேண்டாம், மூலைகளில் கறி முதலில் காய்ந்துபோகும்.

அக்டோபர் 12, சனி

காலை முழுக்க வீட்டில் ஒத்திகை.

முதலில் மைக்ரோவேவையே தெரிந்துகொள்ள நினைத்தேன். சுழல்தட்டை எடுத்துவிட்டு, அப்பளங்களை நெருக்கி அடுக்கி 30 விநாடி ஓட விட்டேன். வெளியே எடுத்தால் படம் வரைந்ததுபோல் இருந்தது: ஒரு திட்டு பொரிந்து வெள்ளையாக, பக்கத்தில் ஒரு திட்டு பச்சையாக, மறுபடி பொரிந்த திட்டு. வீட்டு மைக்ரோவேவின் அலைநீளம் 12 சென்டிமீட்டர் சொச்சம். அலைகள் சுவரில் பட்டுத் திரும்பி ஒன்றோடொன்று மோதும்போது, அதில் பாதித் தூரத்துக்கு ஒருமுறை சூடான இடம் வருகிறது. சுழல்தட்டு இருப்பதே இதைச் சமன்செய்யத்தான். அப்படியும் நடுவில் இருக்கும் கறி நடுவிலேயேதான் சுற்றிக்கொண்டிருக்கும். அதனால் தட்டின் நடுவைக் காலியாக விட்டு, துண்டுகளை வளையமாகப் பரப்பினேன். பாதியில் எடுத்து, உள்ளே இருப்பதை வெளியேயும் வெளியே இருப்பதை உள்ளேயும் மாற்றினேன்.

நெஞ்சுக்கறியும் தொடைக்கறியும் இரண்டையும் செய்து பார்த்தேன். எலும்பில்லாத தொடைக்கறிக்கே என் ஓட்டு. அரை நிமிடம் கூடிப்போனாலும் மிருதுவாகவே இருக்கிறது. நெஞ்சுக்கறி அந்த அரை நிமிடத்தில் நாராகிவிடுகிறது.

700 கிராம், சுண்டுவிரல் தடிமன் நீளத்துண்டுகள், மேலே மூடி, 1,100 வாட். நாலு நிமிடம் ஓட்டி, கிளறி, மறுபடி நாலு நிமிடம். மூடியைத் திறக்காமல் மூன்று நிமிடம் அப்படியே விட வேண்டும். அந்த மூன்று நிமிடத்தில்தான் சூடு உள்ளே பரவிச் சமனாகிறது. பிறகு தெர்மாமீட்டரைப் பல துண்டுகளில் குத்திப் பார்க்க வேண்டும். எந்தத் துண்டிலும் 165 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் குறையக் கூடாது. செல்சியஸில் அது 74. கறி வெள்ளையாகிவிட்டது என்பதை வைத்து வெந்துவிட்டது என்று சொல்லவே முடியாது. வெளேரென்று இருந்த ஒரு துண்டு 62-தான் காட்டியது. தட்டை உடனே உள்ளே வைத்து இன்னும் ஒரு நிமிடம் ஓட்டினேன்.

தட்டில் சாறு ஒரு டம்ளருக்குக் குறையாமல் நின்றது. மைக்ரோவேவ் ஃபஹீட்டா சப்பென்று இருக்கக் காரணமே இந்தச் சாறுதான். கறி அதில் ஊறிக்கொண்டே இருந்தால் அவித்த வாடை வரும். சாற்றை உடனே ஒரு உயரமான கண்ணாடிக் கோப்பையில் வடித்து, தனியாக மூடாமல் கொதிக்க விட்டுச் சுண்ட வைத்தேன். கொஞ்சம் சோளமாவு கரைத்து விட்டு மறுபடி ஒரு கொதி. கெட்டியான அந்தச் சாற்றைக் கறியின் மேல் ஊற்றிப் புரட்டியபோது துண்டுகள் பளபளவென்று ஆயின.

அடுத்தது மணம். கறியில் ஈரம் இருக்கும்வரை மேல்பரப்பு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. கறி சிவந்து முறுக, அதைவிட 40, 50 டிகிரியாவது கூடுதலாக வேண்டும். இரும்புத் தட்டில் சீறிக்கொண்டு வரும் அந்தக் கருகல் மைக்ரோவேவில் வராது. அதற்கு ஈடாக எண்ணெயில் தாளித்துக்கொண்டேன். கண்ணாடிக் கோப்பையில் எண்ணெய், சீரகத்தூள், மிளகாய்த்தூள், நசுக்கிய பூண்டு, புகையூட்டிய பாப்ரிகா. முப்பது விநாடிக்கு ஒருமுறை நிறுத்திக் கிளறினால் ஒன்றரை நிமிடத்தில் வீடே மணக்கிறது. டப்பாவில் வரும் சிப்போட்லே மிளகாயை மசித்துச் சேர்த்ததும் புகை வாசனையும் வந்துவிட்டது. சிப்போட்லே என்பது பழுத்த ஹாலபீனியோ மிளகாயைப் புகையில் உலர்த்தியது. அதனால் இந்தப் புகை உண்மையான புகைதான்.

அக்டோபர் 13, ஞாயிறு

எதிர்வீட்டுப் பாட்டிக்கு ஒரு தட்டு கொண்டுபோனேன். பேரப்பிள்ளைகள் 'அபுவேலா' என்று கூப்பிடுவார்கள், நாங்களும் அப்படியே. எல்லையோரம், ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில் ஃபார் என்ற ஊரில் பிறந்தவர்.

மைக்ரோவேவ் என்றதும் முகம் சுருங்கியது. ஃபஹீட்டா என்றால் மாட்டின் உதரவிதானப் பகுதிக் கறி, மெஸ்கீட் விறகு, அவ்வளவுதான் அவருக்கு. தெற்கு டெக்சஸ் பண்ணைகளில் மாடு அறுத்தால் நல்ல கறி முதலாளிக்குப் போகும். தலை, குடல், இந்த உதரவிதானக் கறி ஆகியவை கூலியின் பங்காக மாடு மேய்ப்பவர்களுக்கு வரும். அந்த முரட்டுக் கறியை எலுமிச்சையில் ஊற வைத்து, விறகுத் தணலில் சுட்டு, நாருக்குக் குறுக்கே நறுக்கி மெதுவாக்கிக்கொண்டார்கள். 1930-களிலிருந்தே இருக்கிற பழக்கம். 1969-இல் ஸானி ஃபால்கன் என்ற இறைச்சிக்கடைக்காரர் ஆஸ்டினுக்குத் தெற்கே கைல் என்ற ஊரில் ஒரு திருவிழாவில் கடை போட்டு விற்றார். 1973-இல் நின்ஃபா லாரென்சோ இங்கே ஹூஸ்டனில் நாவிகேஷன் சாலையில் உணவகம் தொடங்கி, சுட்ட கறியை டோர்ட்டியாவில் வைத்துப் பரிமாறினார். சீறும் இரும்புத் தட்டு, கோழி, இறால் எல்லாம் பின்னால் சேர்ந்துகொண்டவை.

எந்தப் பண்டத்தைச் செய்தாலும் அது யாருடைய உழைப்பிலிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டு செய்ய வேண்டும் என்பது என் எண்ணம். கூலியாகக் கிடைத்த கழிவுக் கறியில் பிறந்த சாப்பாடு இது. கையில் இருப்பதை வைத்து நிறையப் பேருக்குப் போடுவது இதன் பிறவிக்குணம். பாட்டியிடம் இதைச் சொன்னேன்.

சாப்பிட்டுப் பார்த்தார். "எலுமிச்சையை எப்போது விட்டாய்?" என்று கேட்டார். ராத்திரியே பிழிந்து ஊற வைத்தேன் என்றேன். முரட்டு மாட்டுக்கறிக்குத்தான் அது, கோழியை எலுமிச்சையில் ராத்திரி முழுக்கப் போட்டால் மாவாகிவிடும், வெந்த பிறகு பிழி என்றார். இரண்டாவது துண்டையும் எடுத்துக்கொண்டார். டோர்ட்டியா தன் பொறுப்பு என்றும் சொல்லிவிட்டார்.

அக்டோபர் 17, வியாழன்

மாலை என் கணவரும் நானும் பராமரிப்பு வேலை பார்க்கும் அண்ணனோடு ஹாலுக்குப் போனோம். மூன்று மைக்ரோவேவ் ஓட்டப்போகிறோம்: ஹாலில் இருப்பது ஒன்று, எங்கள் வீட்டிலிருந்து ஒன்று, மாடி வீட்டு வியட்நாம் குடும்பத்தினுடையது ஒன்று.

1,100 வாட் சூடு தரும் மைக்ரோவேவ், சுவரிலிருந்து 1,600 வாட்டுக்கு மேல் இழுக்கும். இங்கே மின்சாரம் 120 வோல்ட். சமையல் மேடைப் பிளக்குகளுக்கு 20 ஆம்பியர் இணைப்பு, அதாவது 2,400 வாட். ஒரே இணைப்பில் இரண்டு மைக்ரோவேவ் ஓடினால் பிரேக்கர் விழுந்துவிடும். பக்கத்துப் பக்கத்துப் பிளக் என்பதால் வேறு வேறு இணைப்பு என்று நினைத்துக்கொள்ள முடியாது. அண்ணன் பிரேக்கர் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக அணைக்க, நான் ஒவ்வொரு பிளக்கிலும் செல்போன் சார்ஜரைச் செருகிப் பார்த்துச் சொல்லிக்கொண்டு வந்தேன். மேடையின் இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று, மூன்றாவது ஹாலின் எதிர்ச்சுவரில். ஒவ்வொரு பிளக்குக்கு மேலும் எண் எழுதி ஒட்டிவிட்டோம். மூன்றாவது மைக்ரோவேவுக்குத் தனி மேஜை.

மாடி வீட்டு மைக்ரோவேவ் 700 வாட்தான். அதில் கோழி வேண்டாம். டோர்ட்டியாவும் பீன்ஸும் அதில்.

அக்டோபர் 20, ஞாயிறு

விருதுநகரிலிருந்து அம்மா பேசினாள். 7 கிலோ கோழி என்றதும், "மஞ்சள் போட்டு நல்லா நாலு தண்ணி கழுவிடுடீ" என்றாள். கழுவப்போவதில்லை என்றேன். "கழுவாம எப்படிடீ வாயில வைப்பாங்க?" என்று பதறினாள்.

இந்த நாட்டு விவசாயத் துறையே கோழியைக் கழுவ வேண்டாம் என்கிறது. கடையில் வருவது சுத்தம் செய்த கறி. கழுவினால் கிருமி போகாது, தெறிக்கிற தண்ணீரோடு சிங்க், மேடை, பக்கத்தில் இருக்கும் கொத்தமல்லி வரைக்கும் பரவும். கிருமியைக் கொல்வது சூடுதான். 60 பேர் சாப்பிடும் இடத்தில், சாலட் நறுக்கும் அதே சிங்க்கில் அந்தத் தண்ணீரை விட எனக்கு மனம் வராது. அம்மாவுக்கு இதை விளக்கிச் சொன்னேன். "என்னமோ, சூடா போடு" என்று வைத்துவிட்டாள்.

அக்டோபர் 25, வெள்ளி

வேலை முடிந்து வந்ததும் கறி வெட்ட உட்கார்ந்தேன். இரண்டு பலகை, இரண்டு கத்தி. கோழிக்கு ஒன்று, காய்க்கு ஒன்று. காயை மகள் எடுத்துக்கொண்டாள்.

உப்பு, தாளித்து ஆற வைத்த மசாலா எண்ணெய், சிப்போட்லே. எலுமிச்சை இல்லை. ராத்திரியே உப்பு பிடித்தால் கறி தன் ஈரத்தைக் கொஞ்சம் பிடித்துவைத்துக்கொள்கிறது. 700 கிராம் வீதம் பத்து ஜிப் பையில் கட்டி, தட்டையாகப் பரப்பி ஃபிரிட்ஜில் அடுக்கினேன். நாளை ஒரு பை, ஒரு தட்டு, ஒரு ஈடு. ஹாலில் யாரும் நிறுத்துப் பார்க்க வேண்டியதில்லை. இன்றே பாதி வேக வைத்துக்கொண்டால் நாளை சுலபம் என்றார் இவர். அதை மட்டும் செய்யவே கூடாது. பாதி வெந்த கோழியில் கிருமி சாகாது, வெதுவெதுப்பில் நன்றாகப் பெருகும்.

அக்டோபர் 26, சனி

மாலை 5 மணிக்கு ஹாலில் பன்னிரண்டு பேர் நின்றார்கள். அக்டோபர் கடைசியிலும் வெயில் தணியவில்லை. கோழிப் பைகள் ஐஸ் பெட்டியிலேயே இருந்தன. ஒரு ஈடு உள்ளே போகும்போதுதான் அடுத்த பை வெளியே வந்தது.

வேலை தானாகப் பிரிந்துகொண்டது. நைஜீரியா வீட்டு அண்ணி காய்களை எடுத்துக்கொண்டார். குடைமிளகாயையும் வெங்காயத்தையும் மூடாமல் வேக வைக்க வேண்டும், மூடினால் ஆவியில் துவண்டுவிடும் என்று சொன்னேன். முதல் தட்டிலேயே அவருக்குப் பதம் பிடிபட்டுவிட்டது. கடித்தால் நறுக்கென்று இருக்கும் நிலையில் எடுத்து, தண்ணீரை வடித்து, உப்பை அதன் பிறகே போட்டார். காளானும் அவர் கையிலேயே, அதற்கென்று வைத்த தனித் தட்டில். வியட்நாம் வீட்டுத் தாத்தா சல்சாவுக்குத் தக்காளி நறுக்கினார். ஒரு துண்டுகூட அளவு மாறவில்லை. தெர்மாமீட்டர் என் மகள் கையில். ஒவ்வொரு தட்டிலும் ஐந்து இடம் குத்தி, எண்ணை உரக்கச் சொல்லி, தாளில் எழுதி, முனையை ஸ்பிரிட்டில் துடைத்தாள். "ஒன் சிக்ஸ்டி ஒன்" என்று அவள் சொன்னால் பெரியவர்கள் மறுபேச்சில்லாமல் தட்டைத் திரும்ப உள்ளே வைத்தார்கள்.

பாட்டி தன் கையால் தட்டிய கோதுமை டோர்ட்டியாக்களைத் துணியில் சுற்றி எடுத்துவந்திருந்தார். கடையில் வாங்கியது மீதி. ஐந்து ஐந்தாக, நனைத்துப் பிழிந்த காகிதத்துண்டில் சுற்றி 40 விநாடி. எடுத்ததும் துணி விரித்த கூடைக்குள் போட்டு மூடினார். கூடையைத் திறந்து பார்க்க வந்த பேரனின் கையில் ஒரு தட்டு தட்டினார்.

இரண்டு மைக்ரோவேவில் கோழி, ஒன்றில் டோர்ட்டியாவும் பீன்ஸும். பத்து ஈடும் முடிய ஒன்றேகால் மணி நேரம் ஆனது. முதலில் வெந்தவை ஆறாமல் இருக்க இரண்டு ஸ்லோ குக்கர், சூடான நிலையில். அவை குறைந்த மின்சாரத்தில் ஓடுபவை, ஹாலில் வேறு இணைப்பில் மாட்டினோம். கறி 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கவில்லை என்பதையும் மகளே பார்த்துக்கொண்டாள். பரிமாறும் நேரத்தில் சுண்டிய சாற்றைச் சேர்த்து, காயைக் கலந்து, எலுமிச்சையைப் பிழிந்து, கொத்தமல்லி தூவினோம். சைவத்துக்குத் தனி மேஜை, தனிக் கரண்டி.

பிரேக்கர் ஒருமுறைகூட விழவில்லை. முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் ஒரே சூட்டில் கறி கிடைத்தது. கருகல் மணத்தைத் தேடியவர்கள் ஒன்றிரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் சொன்னது நியாயம்தான், அது இதில் இல்லை. மற்றபடி தட்டுகளில் எதுவும் மிஞ்சவில்லை. ஜூலையில் ஜெனரேட்டர் தந்தவர் மூன்றாவது முறை வந்து நின்றபோது குக்கரின் அடியில் இருந்ததை வழித்துப் போட்டேன்.

அக்டோபர் 27, ஞாயிறு

ஹாலின் அலமாரியில் வைக்க ஒரு தாள் எழுதினேன். அடுத்த தடவை சமைப்பவர் நானாக இருக்க வேண்டியதில்லை. அதை இங்கேயும் எழுதிவைக்கிறேன்.

ஹாலில் அடுப்பு இல்லையே என்று விருந்தைத் தள்ளிப்போடாதீர்கள். எலும்பில்லாத தொடைக்கறி வாங்குங்கள், நெஞ்சுக்கறி வேண்டாம். எத்தனை பேர் வந்தாலும் ஈட்டுக்கு 700 கிராமைத் தாண்டாதீர்கள். ஆள் கூடினால் மைக்ரோவேவைக் கூட்டுங்கள், தட்டை நிரப்பாதீர்கள். ஒவ்வொரு மைக்ரோவேவுக்கும் எண் ஒட்டிய தனிப் பிளக். சாற்றை வடித்துச் சுண்ட வையுங்கள். எலுமிச்சை கடைசியில். வெளியே எடுத்துவைத்த கறி இரண்டு மணி நேரத்துக்கு மேல் மேஜையில் இருந்தால் யாருக்கும் கட்டிக் கொடுக்காதீர்கள். வெயில் 90 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டிய நாளில், வெளியே பரிமாறினால், ஒரு மணி நேரம்தான் கணக்கு. தெர்மாமீட்டர் மேல் இழுப்பறையில் இருக்கிறது. 165 காட்டாத தட்டு எதையும் பரிமாறாதீர்கள்.